இடது ஓரத்து கியர்

அந்த மெக்கானிக்கின் முகத்தைவிடக் கால்களைத்தான் எல்லாருக்கும் நன்றாகத் தெரியும். எந்நேரமும் ஏதாவது ஒரு லாரிக்கு அடியில் கிடப்பார். படுத்தவர் என்றே பேர் நிலைத்துவிட்டது. அன்றைக்கும் அவள் அந்தக் கால்களிடம்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"அண்ணே, வெளியில வாங்க. ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா, காது இங்கதான் இருக்கு."

"என் வீட்டுக்காரரை என் கொழுந்தன் தெரிஞ்சு கொன்னானா, தெரியாம கொன்னானா?"

கால்கள் அசையவில்லை. பிறகு மெல்ல ஆள் முழுசாக வெளியே வந்தார்.

அந்தப் பழைய லாரி அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. விற்றுவிடலாம் என்றான் தம்பி, கூடவே கூடாது என்றார் அண்ணன். ஒருநாள் விடிந்ததும் விடியாததுமாக வாய்ச்சண்டை. அப்புறம் கிடங்கில் சரக்கு ஏற்றிவிட்டு அண்ணன் பின்கதவை மாட்டிக்கொண்டிருந்தார். முன்னால் போகவேண்டிய வண்டி பின்னால் பாய்ந்து அவரைச் சுவரோடு வைத்து நசுக்கியது. ஓட்டியவன் தம்பி. "கொன்னுட்டியேடா, நினைச்சதைச் சாதிச்சுட்டியேடா" என்று சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னாலும் அவள் சொன்னாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவனுக்குச் சோறில்லை, பேச்சில்லை. பின்பக்கம் நிமிர்த்தி முடித்த வண்டியை எடுக்க இப்போது வந்த தம்பி, இவளைக் கண்டதும் பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டான்.

படுத்தவர் அவளை மேஜையருகே கூட்டிப்போனார். இரண்டு கியர் பெட்டிகள் இருந்தன.

"இது உங்க வண்டியில கழட்டின பழசு, பல்லு போனது. அதுக்குப் பதிலா அவர் இருக்கும்போதே நான் மாட்டினேன்ல, அந்த ரகம் இது. வேற வண்டியோடது."

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு."

"அண்ணன் தம்பி மாதிரி. சாயல் ஒண்ணு, உள்ள வேற. பழசுல நாலு கியர், இதுல அஞ்சு. ஒரு சாண் நீளம் கூட இருக்கு பாரு. பழசுல இடது ஓரமா இழுத்து முன்னால தள்ளினா ஃபர்ஸ்ட். இதுல அதே இடம் ரிவர்ஸ்."

"அப்ப பழக்கத்துல கை போயிருக்கும்."

"அவசரப்படாதே. தள்ளிப் பாரு."

தள்ளினாள். கியர் கம்பி அசைந்து கொடுக்கவில்லை. இரண்டு கையும் போட்டு, உடம்பையே சாய்த்த பிறகுதான் டக்கென்று விழுந்தது.

"உள்ள ஒரு ஸ்பிரிங் காவலுக்கு இருக்கு. தெரியாம யாரும் ரிவர்ஸ் போட்டுடக் கூடாதுன்னு."

"அப்ப தெரிஞ்சுதான் போட்டிருக்கான்."

படுத்தவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்தால் சுத்தமாகிற கை இல்லை அது.

"உங்க வண்டியில ஏறிப் பாரும்மா."

ஏறினாள். இடது ஓரம், முன்னால். எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் மாதிரி, ஒற்றை விரலுக்கே வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

"ஸ்பிரிங் எங்கண்ணே?"

"எடுத்தாச்சு. உங்க வீட்டுக்காரர்தான் எடுக்கச் சொன்னார். ரிவர்ஸ் போட்டுப் போட்டு மணிக்கட்டு விண்ணுவிண்ணுன்னு வலிக்குதாம். வேண்டாம்னேன். 'வீட்டுல அவளே கியரை லேசாக்கிட்டு வாங்கன்னுட்டா, உனக்கென்னய்யா'ன்னார்."

அவள் கை கம்பியிலேயே இருந்தது. அவர் மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, பாதித் தூக்கத்தில் அவள் சொன்ன வார்த்தை அது.

"தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது. புதுப் பெட்டியை அன்னைக்குத்தான் அவன் முதல்ல தொட்டான். ரிவர்ஸ் மாறியிருக்கு, ஆனா ஸ்பிரிங் தடுக்கும், பயப்படாதேன்னு, அதை எடுக்கறதுக்கு முன்னாடியே அவன்கிட்ட சொல்லி வச்சிருந்தேன். நான்தான் சொன்னேன்."

"இத்தனை நாளா வாயைத் திறக்கலையே நீங்க."

அவள் இறங்கி வாசலுக்குப் போனாள்.

"தம்பி, நீ தெரிஞ்சு பண்ணல."

"அது எனக்குத் தெரியும் அண்ணி."

"ஸ்பிரிங்கை எடுக்கச் சொல்லிட்டார் உங்க அண்ணன். அவரைச் சொல்லவச்சது நான்."

அவன் வண்டியைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இதை யார் முன்னாடி சொல்லுவீங்க?"

"எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"நம்ப மாட்டாங்க அண்ணி. அன்னைக்கு நீங்க அவ்வளவு நல்லா சொன்னீங்க."

சாவியை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, தெருவோடு நடந்தான். கூப்பிட்டாள். திரும்பவில்லை.

பட்டறைக்குள் லாரி சுவரைப் பார்த்து நின்றது. பின்னால் எடுத்தால்தான் வெளியே வரும். எடுக்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் இனி யாரும் இல்லை.