சோளம் கதிர் தள்ளும்வரை

2004 மே இரண்டாம் வாரம், ஏறக்குறைய ஆறு மாத வறட்சிக்குப் பிறகு, அகரம்தென்னில் மழை பெய்தது. ஜனவரியில் அறுத்துவிட்ட சோளக் கட்டைகள் அமலராணியின் அரை ஏக்கரில் வெள்ளையாகக் காய்ந்து நின்றிருந்தன. மழை பெய்த ஐந்தாம் நாள் அத்தனையும் துளிர்த்தன. பத்தாம் நாள் ஒரு சாண் உயரத்துக்குக் கரும்பச்சை.

அவளிடம் மிஞ்சியிருந்த ஒரே மாடு செவலை. ஐந்து மாதச் சினை. தாம்பரம் மார்க்கெட்டில் கழித்துப்போட்ட முட்டைக்கோஸ் இலையைத் தின்றே கோடையை ஓட்டியிருந்தது. காற்று வயல் பக்கமிருந்து வீசினால் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தும். அமலராணி கயிற்றை இன்னும் குட்டையாகக் கட்டினாள்.

போன வருடம் இப்படி ஒரு மழைக்குப் பிறகு துளிர்த்த சோளத்தை அவளே ஆசையாக இரண்டு கை அறுத்து, அப்போதிருந்த இன்னொரு மாடான கறுப்பிக்குப் போட்டாள். அரை மணி நேரத்தில் கறுப்பி வாயில் நுரை தள்ளி, கால்களை உதைத்துக்கொண்டு செத்தது. மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "வறட்சியில காய்ஞ்சு கெடந்து துளிர்க்கிற சோளத்துல விஷம் ஏறியிருக்கும்மா. கதிர் தள்றவரைக்கும் மாட்டை உள்ள விடாத."

அதனால் இந்த வருடம் அவள் அரிவாளையும் கோணியையும் எடுத்துக்கொண்டு கேம்ப் ரோடு பக்கம் நடந்தாள். அங்கே வீடு எழும்பாத மனைகளில் எல்லைக்கற்களைச் சுற்றி அருகம்புல் கிளம்பியிருந்தது. மனைக்கு அரைக்கோணி தேறினால் அதிகம். தினமும் ஏழெட்டு மனை.

பக்கத்து வீட்டுப் பாப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா, உன் கொல்லையில பச்சப்பசேல்னு நிக்கிது, நீ ஊரான் பிளாட்ல புல்லு சொறண்டிகினு வர்ற? சோளத்த சாமிக்கு நேந்துவுட்டுட்டியா?"

"ஆமா. கதிர் வந்தா உனக்குத்தான் மொதல்ல படையல். போடி."

ரிட்டயர் ஆகி சிட்லபாக்கத்தில் குடியிருந்த ஜீவானந்தம் சாருக்கு ஏரியோரம் ஒரு காலி மனை இருந்தது. அவர் கேட்டைத் திறந்துவிட்டு, "தாராளமா அறுத்துக்கோம்மா. பாம்பு இருக்குன்னு வீட்டுல டெய்லி கம்ப்ளைன்ட். பாம்பையும் கூட்டிட்டுப் போனா ரொம்ப சந்தோஷம்" என்றார்.

"அது புல்லு தின்னாதுங்களே சார்."

ஜூன் பாதியில் சோளம் இடுப்புக்கு வந்தது. அதோடு மழை நின்றுபோனது. மூன்று வாரம் ஒரு சொட்டு இல்லை. மனைகளில் புல் கருகியது. சோளத்தின் இலைகளும் நடுப்பகலில் சுருண்டுகொண்டன. செவலை தட்டுத் தடுமாறித்தான் எழுந்தது.

ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் கணவன் குப்புராஜ் ஒரு காலையில் வண்டியை எடுக்காமல் அரிவாளோடு வயலில் இறங்கினான். அவள் ஓடிப்போய் வரப்பில் வழிமறித்தாள்.

"இடுப்பு ஒசரம் வந்துச்சு ராணி! இன்னும் இன்னா? பசியிலயே சாவட்டுமா அது?"

"சுருண்டுகினு கீது பாருய்யா. வாடுச்சுன்னா மறுபடியும் விஷம்தான்."

"போன தபா சின்னத் துளிரு. இது வேற."

"போன தபா என் கையால போட்டேன். இந்தத் தபா உன் கையால போடப் போறியா?"

குப்புராஜ் அரிவாளை அவளிடம் கொடுத்துவிட்டு ஆட்டோவை எடுத்தான். அன்றிலிருந்து கடைசி சவாரி முடிந்து வரும்போதெல்லாம் பின்சீட்டில் ஒரு மூட்டை இருந்தது. வண்டலூர் பக்கம் வாய்க்கால் கரையில் அறுத்த கோரை. "ஆட்டோல மாட்டு வாசனை அடிக்குதுன்னு பொத்தேரி காலேஜ் பசங்க ஏற மாட்றானுங்க" என்று முனகிக்கொண்டே இறக்குவான்.

ஜூலை முதல் வாரம் மாலை இடிமழை வந்தது. மூன்று நாள் விட்டுவிட்டுப் பெய்தது. சுருண்ட இலைகள் விரிந்தன. அமலராணி அப்போதும் அறுக்கவில்லை. மேலும் பத்து நாள் மனை மனையாக நடந்தாள். வயல் முழுக்கக் கதிர் வெளியே வந்து, ஆள் உயரத்துக்குப் பூத்து நின்ற காலையில்தான் அரிவாளைச் சோளத்தில் வைத்தாள்.

ஒரே ஒரு கட்டு. அதை நறுக்கி, பாதிக்குப் பாதி அருகம்புல்லைக் கலந்து வைத்தாள். செவலை தலையை நிமிர்த்தாமல் தின்றது. குப்புராஜ் எதிரே குந்தி உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பாப்பாவும் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"அரை மணி ஆச்சு" என்றான்.

"இரு."

செவலை முன்னங்கால்களை மடக்கியது. பிறகு மொத்த உடம்பும் தரையில் சரிந்தது. குப்புராஜ் "ஐயோ" என்று எழுந்தான். அமலராணி ஓடிப்போய் அதன் தாடையில் கை வைத்தாள்.

தாடை மெல்ல இடமும் வலமுமாக அசைந்தது. அசை போட்டுக்கொண்டிருந்தது.

அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டுக்கு வயலில் இறங்கினாள்.