முழுக்கைச் சட்டை

முழுக்கை வைக்கச் சொன்ன மகளின் பள்ளிச் சட்டைக்கு அரைக்கை வெட்டிவிட்டார் சிரிப்பு டெய்லர். கைப்பழக்கம், கத்தரி தானாகப் போய்விட்டது. அளவெடுக்கும்போது யாரையும் ஒரு நக்கல் அடிக்காமல் விடமாட்டார். அதனால்தான் ஊர் அவருக்கு அந்தப் பெயரை வைத்தது. “அரைக்கையில நீ இளைச்ச மாதிரி தெரிவ பாப்பா” என்று இதையும் ஒப்பேற்றப் பார்த்தார். அவள் சட்டையை அவர் மடியிலேயே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அரைக்கைக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? அவருக்குப் பொறி தட்டியது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. இவளோ வீட்டுக்குள்ளும் முழுக்கை. அன்றைக்கு விளையாட்டாகக் கையைப் பிடித்ததற்குச் சூடுபட்டவள் போல உருவிக்கொண்டாள். எவனோ ஒருவனின் பெயரைப் பச்சை குத்தியிருக்கிறாள், வேறென்ன? கடைக்கு வந்து மெஷினை மிதித்துக்கொண்டே, பக்கத்துச் செல்போன் கடைக்காரர் மகனை மனதுக்குள் நாலு அறை விட்டார். நீளமான பெயராக இருந்தால் குத்தும்போது பிள்ளைக்கு வலித்திருக்குமே என்று நடுவில் கவலையும் பட்டார்.

மதியம் சாப்பாடு கொண்டுவந்தவளை டேப்போடு மடக்கினார். கடையில் வேறு யாரும் இல்லை.

“கைய நீட்டு. புதுசா வெட்டணும்.”

“பழைய சட்டைய வச்சு வெட்டுங்கப்பா.”

“யாரு பேருன்னு சொல்லிடு. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்.”

“என்ன பேரு?”

“கையில குத்தி வச்சிருக்கியே, அது.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் அறுந்தது. என்ன நினைத்தாளோ, சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினாள். பெயர் எதுவும் இல்லை. ஆறியும் ஆறாமலும் கீறல்கள்.

“எவன் பண்ணான்?”

“நான்தான்.”

“ஏம்மா?”

“இந்த உடம்பு எனக்குப் புடிக்கலப்பா. போன வருஷம் இங்க வச்சு என் இடுப்பளவ சத்தமா சொல்லி, ‘ரெண்டு பேர் துணி’ன்னு சிரிச்சீங்க. என் கிளாஸ் பொண்ணும் நின்னுட்டிருந்தா. இப்ப ஸ்கூல்ல அதான் என் பேரு.” கொஞ்சம் நிறுத்தினாள். “உங்களால மட்டும் இல்ல. ஆனா அதுவும்தான்.”

கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றினார். எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“அம்மாவையும் கூட்டிட்டு... டாக்டர்கிட்ட போலாமா?”

சந்தேகப்படுவது இப்போது அவள் முறை. இந்த மனிதரை நம்பலாமா என்று நெடுநேரம் பார்த்தாள்.

“போலாம். அங்க வந்து ஒரு ஜோக் கூட அடிக்கக் கூடாது.”

தலையாட்டினார். கையில் சுருட்டிப் பிடித்திருந்த டேப் மெல்ல அவிழ்ந்து தரையில் நீண்டது.