சூடு ஆறாமல் மடியாது

எழுபத்தைந்து மணி நேரம் சுபிக்ஷா அதை ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வீட்டில் நடந்தது. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மீட்டிங். இடையில் வெள்ளி, சனி இரண்டு நாளும் ஆபீசில்தான் இருந்தாள். சொல்லிவிடலாம் என்று தொண்டைவரை வரும். எதிரில் இருப்பவர் "என்ன?" என்று முகத்தைப் பார்த்தால் போதும், வந்த வழியே இறங்கிவிடும். பஸ்ஸில் "ரோக்னா பையா" என்று நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடக்கிற பெண் அவள்.

அதற்காகக் கோபம் வராத பெண் என்று நினைத்துவிடக் கூடாது. அவளுக்குக் கோபம் சத்தமில்லாமல் வரும், அவ்வளவுதான்.

பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, வடிவமைப்பில் ஒரு டிப்ளமோ வாங்கி, டெல்லி ஓக்லாவில் மிக்சியும் இஸ்திரிப் பெட்டியும் செய்கிற ஒரு கம்பெனியில் மூன்று வருடமாக இருக்கிறாள். அதில் கடைசி ஒன்றரை வருடமும் ஒரே பொருளோடு போனது. மடக்கி வைக்கிற ஹேர் டிரையர். பியூட்டி பார்லரில் தலைக்குமேல் கவிழ்த்து வைப்பார்களே, அந்தக் கூடை. கையில் பிடிக்க வேண்டாம், அடியில் போய் உட்கார்ந்தால் போதும். பார்லர் கூடை ஓர் ஆள் நிற்கிற இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். சுபிக்ஷாவின் கூடை விசிறிபோல் மடியும். தண்டு மூன்றாக மடியும். எல்லாம் மடிந்தபின் ஒரு தாம்பாள அகலம், நாலு விரற்கடை உயரம்.

லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவளுக்கு இந்த யோசனை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஜனவரியில் பத்து நாள் சேர்ந்தாற்போல் வெயில் வராது. அம்மா ஜெயலட்சுமி திருநெல்வேலியிலிருந்து வந்து முப்பது வருடமாகியும் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிப்பதை விட்டதில்லை. இடுப்புவரை முடி. மத்தியானம்வரை ஈரம் சொட்டும், சாயங்காலம் மூக்கடைக்கும். கையில் பிடிக்கிற டிரையர் வாங்கிக் கொடுத்தால் பத்தாவது நிமிடம் தோள்பட்டை வலிக்கிறது என்று வைத்துவிடுவாள். பார்லர் கூடை மாதிரி ஒன்றை வாங்கினால் அதை நிறுத்துவதற்கு அப்பாவை வராந்தாவில் படுக்கச் சொல்ல வேண்டும்.

இந்தக் கூடையில் சுபிக்ஷா தன் பெருமையென்று நினைத்தது மடிப்பை அல்ல, கொக்கியைத்தான். கீலுக்குள் சின்னதாக ஒரு கொக்கி. இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டிச் செய்தது. சூடு இருக்கும்வரை வளைந்து கீலைப் பிடித்துக்கொள்ளும், ஆறினதும் நிமிர்ந்து விட்டுவிடும். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே இருக்கிற பீங்கான் தட்டு நெடுநேரம் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு யாரும் மடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அது. ஏழு நிமிடம் ஆகும்.

"ஏழு நிமிஷமா?" என்றார் சந்திரசேகர்.

அவர்தான் அவளுடைய பிரிவுக்கு மேலதிகாரி. அவள் அப்பா ஜோதிலிங்கமும் சந்திரசேகரின் அண்ணனும் ஒரே மந்திரி அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். ஒரு கல்யாண ரிசப்ஷனில் அறிமுகமாகி, "நம்ம ஊர்ப் பொண்ணு, அனுப்புங்க பாக்கலாம்" என்று சொல்லி அவளுக்கு இந்த வேலையைக் கொடுத்தவர். நல்லவர் இல்லை என்று சொல்ல முடியாது. அவளுக்கு ஜுரம் வந்தபோது ஆபீஸ் காரில் வீட்டுக்கு அனுப்பியவர்.

"ஏழு நிமிஷம் நிக்கறதுக்கு நம்ம கஸ்டமர் என்ன மெட்ரோவுக்கா க்யூல நிக்கிறா? லேடீஸ்க்கு அவ்ளோ பொறுமை கிடையாதும்மா."

தன் அம்மா இத்தனை வருடம் ஈரத் தலையோடு அடுப்படியில் நின்ற மணிநேரங்களை அவள் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தாள். வாயால் சொன்னது, "சூடா மடிச்சா டேஞ்சர் சார்" என்பது மட்டும்தான்.

"புக்லயே எழுதிடலாம், ஆறின பிறகு மடிக்கவும்னு. ஜல்தி மடியணும், அதுதான் விஷயம். விளம்பரத்துல மூணே செகண்ட்னு போடப்போறோம். அந்தக் கொக்கி வேண்டாம்."

அந்த அறையில் இருந்த ஆறு ஆண்களும் தலையாட்டினார்கள். அதில் சந்திரசேகரையும் சேர்த்து மூன்று தலைகளில் உலர்த்துவதற்கு ஒன்றுமே இல்லை. அது புதன்கிழமை. அன்று ஆபீஸ் விடுவதற்குள் மாதிரிக் கூடையில் கொக்கி இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் சுபிக்ஷா அந்த மாதிரியைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை, கேட் பாஸ் வாங்கவில்லை. அதுவரை நடந்த சோதனையெல்லாம் பொம்மைத் தலையில் மாட்டிய விக்கில்தான். நைலான் முடி, எலிவால் கனம். உண்மையான தலை ஒன்றில், எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டு அலசிய தலையில், எத்தனை நிமிடத்தில் காய்கிறது என்று ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை இருபத்தாறு நிமிடத்தில் காய்ந்தது. அம்மா கூடைக்கு அடியில் கண்ணை மூடி உட்கார்ந்து வெண்டைக்காய்கூட நறுக்கிவிட்டாள்.

"ஏட்டி, நம்மூர் மொட்டை மாடில நிக்க மாதிரில்லா இருக்கு! நீயா செஞ்ச இத?"

"நான்தான்மா."

"எத்தன பேரு சொன்னாலும் நம்ப மாட்டேன். ஒரு கறி வைக்கத் தெரியல ஒனக்கு."

சுபிக்ஷா சிரித்துக்கொண்டே குளிக்கப் போனாள். "ஆறட்டும், நான் வந்து எடுத்து வைக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அம்மாவின் காதில் விழுந்ததோ என்னவோ. குக்கர் சத்தம் போட்டது, எதிர்வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டினாள். கூடத்தில் ஒரு சாமான் கிடக்கும்போது கதவைத் திறக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. கூடத்தில் இருப்பது பெட் பாக்ஸ் என்கிற பெட்டிக் கட்டில். மேலே மெத்தை, அடியில் பலகை மூடி, மூடிக்குள் காலையில் மடித்து வைத்த ரஜாய்கள், பஞ்சு அடைத்த குளிர்காலப் போர்வைகள். வீட்டில் எது கிடந்தாலும் அதற்குள்தான் போகும். அம்மா கூடையை அழுத்தினாள். மூன்றே செகண்டில் மடிந்தது. ரஜாய்மேல் வைத்து மூடினாள்.

அப்பா வந்து அந்தக் கட்டில்மேல் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் கருகல் வாசனை வந்தது. வேறு எந்த ஊராக இருந்தாலும் எழுந்து அடுப்பைப் பார்த்திருப்பார்கள். டெல்லி ஜனவரியில் கருகல் வாசனைக்கு யாரும் எழுந்திருப்பதில்லை.

"எவனோ இலையக் கொளுத்துதான்" என்றார் அப்பா. எழுந்து போய் ஜன்னலை இறுக்கிச் சாத்தினார். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.

சுபிக்ஷா குளித்துவிட்டு வந்தபோது மெத்தை ஓரத்திலிருந்து மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்தது. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினாள். மெத்தையைத் தள்ளி மூடியைத் தூக்கினால், ரஜாயில் தட்டு அகலத்துக்கு ஒரு கறுப்பு ஓட்டை. ஓட்டையின் விளிம்பு சிவந்து ஊர்ந்துகொண்டிருந்தது. காற்றுப் பட்டதும் குப்பென்று பிடித்தது. அம்மா குடத்துத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தாள். எட்டு மணி.

அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பா பதினோரு நிமிடம் அங்கே உட்கார்ந்திருந்தார் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

"ஆபீஸ்ல மூச்சு விடாத" என்றாள் அம்மா. "கேக்காம எடுத்துட்டு வந்துருக்க. வேலை போயிரும். எம் புத்தியத்தான் செருப்பால அடிக்கணும். ஆறட்டும்னு சொல்லிட்டுத்தான போன."

"உன் தப்பு இல்லம்மா."

"பின்ன யாரு தப்பு?"

சுபிக்ஷா ஒரு துணியை எடுத்தாள். மாதிரியைத் துடைத்தாள். கீலுக்குள் ஒட்டியிருந்த பஞ்சை ஊசியால் எடுத்தாள். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பொருளுக்கு ஒன்றும் ஆகாது. வாங்கியவர்கள் வீட்டில் என்ன ஆனாலும், "சூடாக மடித்தது யார்?" என்றுதான் கேட்பார்கள். மடித்தவள் ஒரு அம்மாவாக இருப்பாள். அவளும் தன் புத்தியைத்தான் திட்டிக்கொள்வாள்.

ஒன்பதரைக்கு மாதிரி ஆபீஸ் மேஜைக்குத் திரும்பிவிட்டது.

சனிக்கிழமை சந்திரசேகர் ஒரு தாளோடு வந்தார். பெரிய கடைகளுக்குச் சரக்கு எடுக்கிற மிஸஸ் அரோரா திங்கட்கிழமை வருகிறாள். மூன்று வீடுகளில் பயன்படுத்திப் பார்த்த ரிப்போர்ட் வேண்டுமாம்.

"மூணு வீட்ல எங்க சார் குடுத்தோம்?"

"அச்சா, அதான் பிரச்சினை. ரெண்டு பேர் என் சைடுல போட்டுட்டேன். மூணாவது உங்க அம்மா பேரப் போட்டுடு. ஜெயலட்சுமி, லக்ஷ்மிபாய் நகர். நல்லாத்தான இருக்கு?"

"எங்க அம்மாவா?"

"பின்ன? ரியல் ஹவுஸ் வைஃப், நீளமான முடி. அவங்களுக்கு ஒரு பீஸ் நானே அனுப்பறேன், அப்புறமா யூஸ் பண்ணட்டும். பேருதான, என்ன தேஞ்சா போயிடும்?"

அவள் உதடு அசைந்தது. 'சார், எங்கள் அம்மா பயன்படுத்திவிட்டாள்' என்பது அங்கேயே நின்றது. அவர் அதற்குள் தானே எழுதி முடித்திருந்தார். பயன்படுத்தினார், மடித்தார், உள்ளே வைத்தார், மிகவும் திருப்தி. கீழே 'வடிவமைப்பாளர்' என்று கையெழுத்துக்கு விட்ட கோடு காலியாக இருந்தது.

"திங்கட்கிழமை போடறேன் சார்."

"ஏன், நல்ல நேரம் பாக்கணுமா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தாளில் இருந்த அந்த நாலு வாசகங்களும் அவளுக்குள் ஓடின. அம்மா ஈரப் பஞ்சை ரஜாயிலிருந்து பிய்த்துப் பிய்த்துப் பாலித்தீன் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் குப்பைக்குப் போக வேண்டுமே. ஒவ்வொரு பிடிக்கும் "எம் புத்தி, எம் புத்தி" என்றாள். அந்த அம்மாவைத்தான் ஒரு தாளில் திருப்தியாக உட்காரவைத்திருக்கிறார்கள். சுபிக்ஷா பையின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டாள். தனக்குள் இருப்பது பயமா என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தாள். இல்லை.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மிஸஸ் அரோரா வந்தாள். ஐம்பது வயது, கறுப்புச் சால்வை, பேச்சில் அவசரம். சந்திரசேகரே கூடையை விரித்துக் காட்டினார். பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, மடித்தார்.

"தீன் செகண்ட்!" என்று மூன்று விரலைக் காட்டினார்.

மிஸஸ் அரோரா கைதட்டவில்லை. "என் பெட் பாக்ஸில் போகுமா?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

"ஏன் போகாது, மேடம்? அதுக்குத்தான செஞ்சதே." அவர் தாளை நீட்டினார். "இதோ, மூணு வீடு. இந்த மூணாவது பேரப் பாருங்க. எங்க டிசைனரோட சொந்த அம்மா!"

மிஸஸ் அரோரா தாளைப் படித்தாள். காலியாக இருந்த கோட்டில் அவள் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு மேஜையின் கடைசியில் உட்கார்ந்திருந்தவளைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"பேட்டா, நீதானா? அம்மா என்ன சொன்னாங்க?"

சுபிக்ஷா எழுந்து நின்றாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சந்திரசேகர் வீட்டு விசேஷம் விசாரிப்பவர் மாதிரிச் சிரித்த முகத்தோடு அவள் பக்கம் திரும்பினார். இந்த மாதிரி மீட்டிங்குகளில் அவளுக்கு உத்தரவு போட அவர் தமிழைத்தான் வைத்திருந்தார். மற்றவர்களுக்குப் புரியாது. மூன்று வருடமாக அவளும் தமிழிலேயே "சரி சார்" என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறாள்.

"நல்லா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லு சுபி. மீதிய நான் பாத்துக்கறேன்."

அவள் அவரைப் பார்த்தாள். "சரி சார்" வரவில்லை.

"சுபி, உக்காரும்மா" என்றார், சிரிப்பு மாறாமல். "அப்பாவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாரு."

அப்பா என்ற சொல் காதில் விழுந்ததும், புகைகிற கட்டில்மேல் பேப்பரோடு உட்கார்ந்திருந்தவர்தான் அவள் கண்ணில் நின்றார். தமிழில் பேசினால் அது இந்த மேஜையில் ஒருவருக்கு மட்டும்தான் போகும். அவள் மிஸஸ் அரோராவின் பக்கம் முழுசாகத் திரும்பினாள். ஹிந்தியில், பஸ்ஸின் கடைசி சீட்டிலிருந்து டிரைவருக்குக் கேட்கிற அளவு குரலில் பேசினாள்.

"மேடம், இத மடிச்சு எங்க அம்மா பெட் பாக்ஸ்ல வச்சாங்க. ரஜாய் தீப்பிடிச்சுது. மேல எங்க அப்பா உக்காந்திருந்தாரு. அம்மா மேல தப்பு இல்ல. சூடா இருந்தா மடியாம இருக்க இதுல ஒரு கொக்கி இருந்துச்சு. இவர் எடுக்கச் சொன்னாரு. டேஞ்சர்னு தெரிஞ்சே, ஸ்க்ரூ டிரைவர வச்சு அதக் கழட்டினது நான்."