ரேடியோவின் சுவர்

எங்கள் விடுதி மாடிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் வீட்டிலிருந்து அம்மா வருகிறார் என்று சேதி வந்தாலும், அடுத்த நிமிஷம் மொத்த மாடியும் அவள் அறைக்குள் புகுந்துவிடும். ஒருத்தி கொடியில் தொங்குகிற துணியை உருவுவாள். ஒருத்தி கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கும் மின்சார அடுப்பைத் தன் அறைக்குக் கடத்துவாள். ஒருத்தி தரையைத் துடைப்பாள். அம்மாக்காரி மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வருவதற்குள், அறை ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி கைகட்டி நிற்கும். இதற்கு நாங்கள் வைத்த பெயர் வெள்ளையடிப்பு.

"வீட்ல சாப்பிட்ட தட்டைக் கூட நகர்த்த மாட்டா. இங்க வந்து எப்படிப் பொறுப்பா ஆயிட்டா பாருங்க!" என்று எத்தனையோ அம்மாக்கள் எங்கள் கண்ணெதிரே உருகியிருக்கிறார்கள். பின்னால் நின்று நாங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்போம்.

அப்பாக்களால் இந்தத் தொல்லை கிடையாது. இது பெண்கள் விடுதி. அப்பா, அண்ணன், தம்பி எல்லாருக்கும் கீழே பார்வையாளர் கூடத்தோடு சரி. பல்பு மாற்றவோ குழாய் அடைப்பு எடுக்கவோ யாராவது மேலே வந்தால், மாடிப்படிக்குப் பக்கத்து அறைக்காரி தொண்டை கிழியக் கத்துவாள்: "ஆள் வருதூ!" வரிசையாகக் கதவுகள் படார் படார் என்று சாத்திக்கொள்ளும். அவளுக்குப் பெயர் அலாரம்.

ரேடியோவின் அப்பா வருகிறார் என்று கேட்டபோதும் நாங்கள் வெள்ளையடிக்கத்தான் ஓடினோம். ரேடியோ அப்போது இல்லை. செத்துப் போயிருந்தாள்.

அவளும் நானும் ஒரே அறை. நிறுத்தாமல் பேசுவாள், பல் தேய்க்கும்போது கூட நுரையோடு பேசுவாள், அதனால் ரேடியோ. ஒரு காலையில் வகுப்பில் தலை வலிக்கிறது என்று பெஞ்சில் கவிழ்ந்தாள். அவள் வகுப்பில் தூங்குவது ஊருக்கே தெரிந்த கதை என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள் அப்பா லாரி டிரைவர். எங்கேயோ பாதி வழியில் இருந்தவர் அடித்துப் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்தே அவளை வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார். விடுதிப் பக்கம் வரவில்லை.

அவள் கட்டில் அவள் எழுந்து போன மாதிரியே கிடந்தது. நான் அந்தப் பக்கம் பெருக்கக் கூட இல்லை.

கொஞ்ச நாள் கழித்து வார்டன் மேலே வந்தார். "நாளைக்கு அவ அப்பா சாமான் எடுக்க வர்றார்மா. மறுநாள் அந்தக் கட்டிலுக்குப் புதுப் பொண்ணு வருது. ரூமை ஒரு தடவை மேல வந்து பாக்கலாமான்னு கேட்டார். சரின்னுட்டேன். கொஞ்சம் பாத்துக்கோங்க."

எங்கள் வார்டன் வாயிலிருந்து ஒரு ஆம்பிளைக்குச் 'சரி' வந்து நான் கேட்டது அன்றுதான். 'கொஞ்சம் பாத்துக்கோங்க' என்பதுதான் எங்களுக்குப் புரிந்த பாஷை. மாடி முழுக்க வந்துவிட்டது. முதல் ஆளாக வாளியோடு வந்தவள் பினாயில். அந்தப் பெண்ணுக்கு அழுக்கு என்றால் அலர்ஜி. தன் செருப்புக்கே சோப்புப் போடுகிறவள்.

அழுதுகொண்டேதான் செய்தோம். ஆனால் நன்றாகச் செய்தோம். நாற்காலியில் மலையாகக் கிடந்த துணிகளை எல்லாம் துவைத்து, காயப்போட்டு, இஸ்திரி போட்டு, அடுக்கிப் பெட்டியில் வைத்தோம். சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்தோம். பாதி தின்ற பிஸ்கெட் பாக்கெட், கதவுக் கைப்பிடியில் அவள் மாட்டி வைத்திருந்த ரப்பர் பேண்டுகள், எல்லாம் குப்பைக்கு. கட்டிலோரச் சுவரில் பேனாவால் ஏதோ கிறுக்கியிருந்தாள். ஒரு நீளக் கோடு, நடுநடுவே ஒரு கோழி, ஒரு ஆணி, ஒரு குடை. சாயங்காலம் அப்பாவோடு போனில் பேசும்போது கை சும்மா இருக்காது அவளுக்கு. அந்த நேரத்தில் நான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவேன். அந்த ரேடியோவை உட்கார்ந்து யார் கேட்பது?

சுவரில் எழுதினால் அபராதம். பினாயில் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, சுவர் வெளுக்கும் வரை தேய்த்தாள். "போனவ மேல ஒரு கெட்ட பேர் வரக் கூடாதுடி" என்றாள். நாங்கள் எல்லோரும் ஆமாம் என்றோம்.

மறுநாள் காலை அலாரம் வழக்கம்போல வாயைத் திறந்தாள். "ஆள்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே விழுங்கிக்கொண்டாள். பிறகு, அவளிடமிருந்து நான் கேட்டே இராத ஒரு சின்னக் குரலில், "அப்பா வர்றாருடி" என்றாள். சாத்திக்கொள்கிற கதவுகள் எல்லாம் திறந்தன.

குள்ளமான மனிதர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். காலை எடுத்து வைக்கவில்லை.

"இது யார் ரூம்மா?"

"ரேடியோ ரூம்தான்ப்பா." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "ரேடியோ. ஆமா, சொல்லியிருக்கா." என்னை மேலிருந்து கீழே பார்த்தார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நீ கொக்கு."

"ஆமாப்பா."

"வாளியோட நிக்குறது பினாயில். படிக்கட்டுப் பக்கம் இருக்கிறது அலாரம். அது கீழயே கேட்டுச்சு."

யாரோ சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் நிறுத்தினோம்.

உள்ளே வந்து நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார், காலி நாற்காலியைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து மேலாக இருந்த ஒரு சட்டையை எடுத்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"தொவச்சிட்டீங்களா?"

"எல்லாத்தையும்ப்பா!" என்றாள் பினாயில். "இஸ்திரி கூட போட்டாச்சு."

"நல்லதும்மா" என்று சட்டையை மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க புள்ளைங்களா" என்றார். "கதவத் தெறந்தா மூஞ்சில ஈரத்துணி அடிக்கும்பா. நாற்காலியில உக்கார எடமே இருக்காதும்பா. வண்டி ஓட்டும்போதெல்லாம் இந்த ரூமத்தான் மனசுல சுத்திச் சுத்தி வருவேன். எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். ஒரு தடவ கண்ணால பாத்துடணும்னு வந்தேன். இப்ப பாத்தா..." கையை விரித்தார். "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்மா."

எனக்கு ஒன்றுதான் தோன்றியது.

"அப்பா, கொஞ்சம் அப்படி வெளிய நில்லுங்க" என்றேன். "ஏய், வாங்கடி."

வெள்ளையடித்ததை விட வேகமாக அன்று கலைத்தோம். பெட்டியிலிருந்த துணியெல்லாம் நாற்காலிக்குப் போனது. நாலு துண்டைத் தண்ணீரில் முக்கிக் கொடியில் போட்டோம். மின்சார அடுப்பு திரும்பி வந்தது.

"செருப்பு அங்க இல்லடி, ஜன்னலுக்குக் கீழ."

"ஒண்ணு ஜன்னலுக்குக் கீழ. இன்னொண்ணு எங்கன்னு அவளுக்கே தெரியாது."

"போர்வைய ஏன்டி மடிக்கிற? அவ என்னைக்கு மடிச்சா?"

"கை தானா மடிக்குதுடி, நான் என்ன பண்ணட்டும்!" என்று பினாயில் அழுதாள்.

வாசலில் நின்றவர் வாயைத் திறந்தார். "பக்கெட்டு கதவுக்குப் பின்னாடிம்மா. ராத்திரி எழுந்து போறவ அதுல இடிச்சுக்குவான்னு சொல்லுவா."

"நான்தாம்ப்பா இடிச்சுக்குவேன்" என்றேன்.

"தெரியும்." 

அவரைக் கூப்பிட்டோம். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஈரத்துண்டு முகத்தில் அடித்தது. விலக்கவில்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தார். துண்டுக்குள் அவர் தோள் மட்டும் குலுங்குவது தெரிந்தது.

பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் வந்து உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார். கையால் தடவினார்.

"ரோடு எங்கம்மா?"

"எந்த ரோடுப்பா?"

"செவுத்துல போட்டாளே. நான் தெனமும் சாயங்காலம் வண்டிய எங்க நிறுத்தறேனோ, அத கேட்டு அது வரைக்கும் ஒரு கோடு இழுப்பா. லோடு ஏத்தின எடம் கால்மாட்டுல. தலகாணிகிட்ட இந்த ஆஸ்டல். இந்தத் தடவ லோடு இந்த ஊருக்குத்தான். 'கீழ கூடத்துல வந்து ஒக்காருப்பா, இன்னும் ஒரு சாண்தான் பாக்கி'ன்னா."

பினாயில் தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவர் பார்த்துவிட்டார். சுவரையும் பார்த்தார். வெளுத்த பட்டை ஒன்று கட்டில் நீளத்துக்குப் பளிச்சென்று இருந்தது.

"நான்தாம்ப்பா" என்றாள். "அழுக்குன்னு நெனச்சுட்டேன்."

அவர் அவளைத் திட்டியிருக்கலாம். பக்கத்தில் உட்காரச் சொன்னார். "பேனா இருக்காம்மா?"

கால்மாட்டிலிருந்து ஆரம்பித்தார். ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரியே பேனாவை இறுக்கிப் பிடித்தார். வளைவு வந்தால் வளைத்தார். மேடு வந்தால் ஏற்றினார். எங்களுக்கு ரோடு தெரியாது. ஆனால் அந்தச் சுவர் தெரியும்.

"அப்பா, இந்த இடத்துல ஒரு கோழி இருந்துச்சு" என்றாள் அலாரம்.

"கோழியா? ஆமா! தவிட்டு மூட்டையோட மூட்டையா ஏறிடுச்சு. ரெண்டு ஊர் தாண்டித்தான் பாத்தேன். எறங்க மாட்டேங்குது. டிக்கெட் போட்டியாப்பான்னு கேட்டா." வரைந்தார். அது கோழி மாதிரி இல்லை. அவள் வரைந்ததும் கோழி மாதிரி இருக்காது.

"இங்க ஆணி."

"பஞ்சரு."

"இதுக்கு மேல குடைப்பா. அதோட முடிஞ்சுது" என்றேன்.

"கடைசி நாள் சாயங்காலம். பேய் மழை. பாலத்துக்கு அடியில ஒதுங்கி நின்னு பேசினேன்." குடையை வரைந்துவிட்டுச் சற்று நேரம் பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தார். "அவ போட்டது இது வரைக்கும். காலையில நான் வண்டிய எடுத்தேன். அது அவளுக்குத் தெரியாது."

குடையைத் தாண்டிக் கோட்டைக் கொஞ்சம் நீட்டினார். ஒரு சின்னக் கட்டம் போட்டார்.

"பங்க். டீசல் ஊத்திக்கிட்டு இருந்தேன். போன் வந்துச்சு."

கட்டத்துக்கும் தலையணைக்கும் நடுவே சுவர் வெள்ளையாக இருந்தது.

"மீதிப்பா?" என்று கேட்டாள் பினாயில்.

"மீதி யாரோ ஒரு புண்ணியவான் கார்ல கூட்டிட்டு வந்தார். வெளிய ஒண்ணும் பாக்கல. எப்படி வந்தேன்னே தெரியாதும்மா. தெரியாத ரோட்ட எப்படிப் போடறது?" பேனாவை மூடி அவளிடம் கொடுத்தார்.

வார்டன் எப்போது வந்து வாசலில் நின்றார் என்று தெரியவில்லை. சொட்டுகிற கொடியைப் பார்த்தார், மின்சார அடுப்பைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். எங்களுக்கு உயிர் போய்விட்டது.

"அவருக்கு டீ கொடுத்தீங்களா இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

துணிகளை இந்த முறை மடிக்காமல், கிடந்தது கிடந்தபடி பெட்டியில் திணித்தோம். அப்படித்தான் வேண்டும் என்றார். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டவர், கதவுக்குப் பின்னால் இருந்த பக்கெட்டைக் காலால் என் பக்கம் நகர்த்தினார். "உன்னோடது ஓட்டைன்னு சொன்னா. இது இருக்கட்டும்." படியிறங்கினார். அலாரம் வாசல் வரைக்கும் கூடவே போனாள்.

மறுநாள் புதுப் பெண் தன் அம்மாவோடு வந்தாள். நாங்கள் வெள்ளையடிக்கவில்லை. அந்த அம்மா அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "செவுரெல்லாம் கிறுக்கி வச்சிருக்காங்களே, துடைக்கிறதுக்கு ஆள் இல்லையா?" என்றார்.

"அது அழுக்கில்ல ஆன்ட்டி" என்றாள் பினாயில்.

அம்மா போன பிறகு புதுப் பெண் தலையணையைப் போட்டுப் படுத்துப் பார்த்தாள். விரலைக் கோட்டில் வைத்துக் கோழி, ஆணி, குடை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். கட்டத்தோடு விரல் நின்றது.

"அக்கா, இந்த ரோடு எது வரைக்கும் போகுது?"

பினாயில் என்னைப் பார்த்தாள்.

"பங்க் வரைக்கும்" என்றேன்.