டெக் ஓரத்துக் கல்

கிள்ளான் வட்டாரத்துப் பெருமக்களின் மேலான கவனத்துக்கு: வரும் ஞாயிற்றுக்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்கு, கார்னர் லாட் மூலைவீட்டு உரிமையாளர் திரு. கமலநாதன் அவர்கள், எந்தக் கட்டுமானக் குத்தகையாளரின் தயவுமின்றித் தம் இரு கரங்களால் அமைத்த டெக்கும் அதைச் சூழ்ந்த பூங்காவும் திறப்பு விழா காணும். அனைவரும் வருக.

இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டவர் திரு. கமலநாதன் அவர்களேதான்.

டெக் என்பது வீட்டுக்குப் பின்னால், மழையில் ஊறுவதற்கென்றே போடப்படும் மரத்தரை. அதைப் போட்டு முடித்ததுமே அவருக்குக் கை பரபரத்தது. சுற்றிலும் வெறும் மண் கிடந்தால் அது டெக் இல்லை, பலகை அடுக்கி வைத்த இடம். இரண்டு வாரம் விடுப்பு எடுத்தார். அமெரிக்காவில் யாரோ ஒரு தாடிக்காரர் போட்ட வீடியோக்கள் பதினேழைப் பார்த்தார். புதிய மண்வெட்டி வாங்கி, அதோடு ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

இத்தனையும் ஒரே ஒருவருக்காக. மனைவி சீதாலெட்சுமியின் அண்ணன் திருச்செல்வம் சுபாங் ஜெயாவில் இருக்கிறார். அவர் வீட்டுத் தோட்டத்தில் பொத்தானை அழுத்தினால் அருவி கொட்டும். கல்யாணமாகி இந்த இருபத்திரண்டு வருடத்தில் கமலநாதன் வாங்கிய கார், வாங்கிய வீடு, பெற்ற மகள், எதைக் காட்டினாலும் திருச்செல்வம் சொன்னது ஒன்றுதான்: "ம்ம், போதும்லா மாப்ள." ஞாயிற்றுக்கிழமை அந்த வாயிலிருந்து 'நல்லா இருக்கு' என்ற இரண்டு சொற்களை வரவழைத்துவிட வேண்டும். கமலநாதனுக்கு வேறு லட்சியமே இல்லை.

தோட்டம் என்றால் கண் முதலில் போய் நிற்க ஒரு கல் வேண்டும் என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். ஜெஞ்சாரோம் சாலையோரக் கடையில் அது கிடைத்தது. கன்னங்கரேல் என்று நான்கடி உயரம். செவ்வாய்க்கிழமை லோரியில் கொண்டுவந்த ஜெயராஜ் கல்லையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க boss வைக்கப்போறீங்க?"

"டெக் படிக்குப் பக்கத்துல. நட்டமா."

"படுக்க வெச்சிருங்க லா."

"வீடியோல நட்டமாத்தான் இருக்கு."

ஜெயராஜ் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கல்லை இறக்கினார்.

புதன்கிழமை பாய் மாதிரி சுருட்டிய புல் வந்தது. கமலநாதன் மண்டி போட்டு நகர்ந்து நகர்ந்து விரித்தார். கடைசிச் சுருளை விரித்து நிமிரும்போது வட்டாரம் முழுக்கக் குழாய்த் தண்ணீர் நின்றது. போட்ட புல்லுக்கு ஒரு வாரம் விடாமல் தண்ணீர் காட்ட வேண்டும் என்பது தாடிக்காரரின் முதல் விதி. கமலநாதன் பல் விளக்குவதைச் சுருக்கி, பிடித்து வைத்திருந்த தண்ணீரில் மிச்சத்தைப் புல்லுக்கு ஊற்றினார்.

அன்றே சீதாலெட்சுமி கல்லில் முட்டியை இடித்துக்கொண்டாள். லோரியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகைக்குக் கட்டுவதுபோல, ஆள் கண்ணில் படட்டும் என்று கமலநாதன் அதன் இடுப்பில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். வியாழக்கிழமை புல்லுக்கு அடியிலிருந்து எறும்புப் படை கிளம்பியது. மருந்தடித்தால் புல் போய்விடும். சீதாலெட்சுமி மஞ்சள் தூளைக் குழைத்து வந்து கல்லைச் சுற்றி ஊற்றி, எறும்பு ஏறாமலிருக்கக் கல்லின் மேலும் நன்றாகப் பூசிவிட்டாள்.

தாடிக்காரருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருக்க வேண்டியவர்கள் இந்த இருவர்தான்.

வெள்ளிக்கிழமை காலை பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி, வேலிக்கு அந்தப்பக்கம் துணி காயப்போட வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். ஐந்தே நிமிடத்தில் குளித்து முழுகி, தட்டில் சூடமும் எலுமிச்சம்பழமுமாகப் பின்கதவு வழியாக உள்ளே வந்தார்.

"முனி எறக்கியிருக்கீங்க, ஒரு வார்த்த சொல்லல பாத்தியா தம்பி."

"அக்கா, அது முனி இல்ல. டிசைன்."

"எல்லாம் அவரு டிசைன்தான்." கல்லுக்கு முன்னால் சூடத்தைக் கொளுத்தினார். "ஐயா, மூணு நாளா தண்ணி இல்ல. பாத்து செய்யுங்க."

"மொதல்ல புல்ல விட்டு எறங்குங்கக்கா. இது லேண்ட்ஸ்கேப். ஞாயித்துக்கெழம மச்சான் வராரு. சீதா, நீயாவது சொல்லேன்."

அப்போது, புதன்கிழமையிலிருந்து திறந்தே கிடந்த ரப்பர் குழாய் இருமியது. ஒரு முறை செம்மண் நிறத்தில் துப்பியது. பிறகு குபுகுபுவென்று புல்லின் மேல் கொட்டத் தொடங்கியது.

கமலநாதனின் இரண்டு கைகளும் அவரைக் கேட்காமல் தலைக்குமேல் போய்க் கூப்பிக்கொண்டன.

அதை மூன்று பேர் பார்த்தார்கள்: புஷ்பவல்லி, சீதாலெட்சுமி, புஷ்பவல்லியின் கைப்பேசி.

"பாத்தியா, ஒன் கையே சொல்லுது," என்றார் புஷ்பவல்லி.

அதன்பிறகு கமலநாதன் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. தெருவில் தண்ணீர் வந்த வீடுகள் எல்லாம் தேங்காயோடு வந்தன. தண்ணீர் வராத தெருக்காரர்கள் வேண்டுதலோடு வந்தார்கள். சனிக்கிழமை உறுமி மேளம் வந்தது. மச்சானுக்காக ஐஸில் வைத்திருந்த பன்னிரண்டு கறுப்பு பீர் டின்களும் கல்லுக்கு முன்னால் வரிசையாகப் போயின. "அவருக்கு இதுதான் ஒத்துக்கும்," என்று யாரோ விளக்கம் சொன்னார்கள். எல்லாரும் புல்லில் நின்றார்கள். பின்னே எங்கே நிற்பது?

ஞாயிறு பத்து மணிக்குத் திருச்செல்வம் வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். கல்லைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்துவிட்டு, அருவி வைத்த அந்த மனிதர், ஈரப் புல்லில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

எழுந்தபோது வயிறெல்லாம் சேறு, கண்ணில் நீர். கமலநாதனின் இதயம் மேளத்தை மிஞ்சி அடித்தது.

"மாப்ள," என்றார் திருச்செல்வம். "இருபத்திரெண்டு வருசத்துல மொத மொறையா சொல்றேன். நல்லா இருக்கு."

"டெக்கா மச்சான்?"

"எது?"

"டெக். பலக போட்டு, நானே செஞ்சது. அதோ, நீங்க வந்த வழில."

திருச்செல்வம் திரும்பிப் பார்த்தார். நாற்பது ஜோடிச் செருப்புகளுக்கு நடுவே தன் தோல் காலணி எங்கே என்று தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

"ஓ, அதுவா. செருப்பு விட வசதியா இருக்கு, போதும்லா."

புல் பிழைக்கவில்லை.