மதியத்தில் இறங்கும் கரண்ட்

மரக்கடையில் லோடு இறக்கும் அவருக்கு மதியத்தோடு வேலை முடியும். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் செல்போனோடு மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார். சோலார் பேனல் போட்ட நாளிலிருந்து, எவ்வளவு கரண்ட் வருகிறது என்று போனில் பார்த்துக்கொண்டிருப்பதே பிழைப்பு. பெண்டாட்டி முகத்தைக்கூட அவர் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

காலையெல்லாம் ஒழுங்காக வரும் கரண்ட், மதியம் ஆனதும் பாதியாக இறங்கிவிடும். பழியைப் பக்கத்து வீட்டு மரத்தின் மேல் போட்டார். மரம் மச்சினனுடையது. அதன் நிழலில்தான் அவன் பஞ்சர் கடை நடந்தது.

“மரத்தை வெட்டிட்டு நான் எங்க உக்காந்து பஞ்சர் ஒட்டுறது மாமா? உங்க தலை மேலயா?”

“தகரம் போட்டுக்க.”

“தகரத்துக்கு அடியில டியூப் ஒட்டாது. நான்தான் வெந்துபோவேன்.”

பேச்சு முற்றி, கடைசியில் மச்சினன் ஒரு வார்த்தை விட்டான்.

“என் மர நிழல் உங்க பேனல் மேல விழுதுன்னு காட்டுங்க. நானே வெட்டிப் போடுறேன்.”

இருவரும் மாடிக்கு ஏறினார்கள். கீழே இன்வெர்ட்டர் பெட்டி முன்னால் அவர் மனைவி நின்றாள், அதில் தெரிகிற எண்ணைப் பார்த்துச் சொல்ல. மர நிழல் கைப்பிடிச் சுவரைத் தாண்டவில்லை.

“வரும், இரு” என்று அவர் பேனல் ஓரத்தில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். வெயிலில் போன் திரை தெரியாது, குடையை விரித்துக்கொண்டார்.

“பாதியாயிடுச்சுங்க” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

“பாத்தியா, உன் மரம் புத்தியைக் காட்டிடுச்சு.”

மச்சினன் மர நிழலைப் பார்த்தான். அது இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு பேனலைப் பார்த்தான். நடுவில் கறுப்பாக, வட்டமாக ஒரு நிழல் கிடந்தது.

“மாமா, குடையை மடக்குங்க.”

“மடக்கினா போன்ல ஒண்ணும் தெரியாதுப்பா.”

“சும்மா மடக்குங்க.”

மடக்கினார்.

“ஏறுது. ஆனா முழுசா வரல” என்றாள் அக்கா.

“இப்ப எழுந்து அந்தப் பக்கம் போங்க மாமா.”

போனார்.

“வந்துடுச்சுடா தம்பி. என்னடா பண்ணீங்க?”

“உன் வீட்டுக்காரரைத் தள்ளி நிக்கச் சொன்னேன்க்கா.”

கீழே சிரிப்புச் சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது. அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“ஒத்தை ஆளு உக்காந்தா பாதி கரண்ட் நிக்குதுன்னா, உடம்புன்னா இதுதான் உடம்பு. உனக்கு ஒரு பல்புகூட நிக்காது.”

“உழைச்ச உடம்பு மாமா. தயவுசெஞ்சு அதைக் கீழ கொண்டு வாங்க.”

மறுநாள் மதியம் அவர் மாடி ஏறவில்லை. நேராகப் பஞ்சர் கடைக்கு வந்து, மரத்தடியில் முக்காலியைப் போட்டார். அங்கே குடை இல்லாமலே போன் தெரிந்தது. கரண்ட் இறங்கவே இல்லை. எண்ணைச் சத்தமாகப் படித்துக்காட்டினார்.

மச்சினன் டியூபில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தான்.

“சந்தோஷம் மாமா. கொஞ்சம் நகருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க.”