விறகுக்கு இருபத்தோராயிரம்

கிடங்கில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் அவனை எல்லாரும் ஆந்தை என்றுதான் கூப்பிட்டார்கள். ஆந்தை பகல் பதினொரு மணிக்குத் தூங்காமல் கிட்டார் கடை வாசலில் நின்றதற்குக் காரணம் இருந்தது. சனிக்கிழமையிலிருந்து ஒரு ஓட்டல் மாடியில் வாசிக்கும் வேலை. சொந்தக் கிட்டாரோடு வா, இல்லையென்றால் வேறு ஆள் இருக்கிறான் என்று மானேஜர் சொல்லிவிட்டார். இன்று வியாழன்.

சொந்தக் கிட்டார் இந்தக் கடைச் சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

எட்டு மாதத்துக்கு முன் கிடங்குப் படியில் சறுக்கி விழுந்ததில் அவனுடைய மணிக்கட்டும் முதுகில் மாட்டியிருந்த கிட்டாரின் கழுத்தும் ஒன்றாக உடைந்தன. ஒன்றுக்கு மாவுக்கட்டு, இன்னொன்றுக்கு அவனே ஒற்றைக் கையால் போட்ட பசை. இரண்டு மாதம் சம்பளமில்லை. வாடகைக்காகக் கிட்டாரை இங்கே கொண்டுவந்தான். கடைக்காரர் அதைச் செத்த எலியைத் தூக்குவதுபோல ஓரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"இது விறகு தம்பி. ஏழாயிரம் தர்றேன்னா அது உன் மூஞ்சிக்காக."

"கை சரியானதும் திரும்ப வாங்கிக்கிறேண்ணே."

"தாராளமா வா. வாங்கின விலைக்கு மேல ஆயிரம் குடு, எடுத்துட்டுப் போ. நான் எங்க ஓடிடப் போறேன்?"

பிறகு கம்பிகளைத் தளர்த்தி, நடு ஓட்டை வழியாகக் கையை உள்ளே விட்டு, மேல்பலகையின் உட்பக்கம் பென்சிலால் என்னவோ எழுதினார். வாங்கும் ஒவ்வொரு கிட்டாரிலும் அதன் குறையையும் கொடுத்த விலையையும் அப்படி எழுதிவைப்பது அவர் வழக்கம். நோட்டில் எழுதினால் வரிக்காரன் பார்ப்பான், மரத்துக்குள் யார் பார்ப்பது? அன்று அவருடைய பருத்த மணிக்கட்டு ஓட்டைக்குள் மாட்டிக்கொண்டது. ஒற்றைக் கையோடு இருந்த ஆந்தைதான் கிட்டாரைப் பிடித்து இழுத்துவிட்டான்.

இப்போது அதே கிட்டாரில் ஒரு அட்டை தொங்கியது. இருபத்தோராயிரம். ஆறு வருஷத்துக்கு முன் ஆந்தை அதைப் புதிதாக வாங்கியதே பதினெட்டுக்குத்தான். அவன் பையில் பன்னிரண்டாயிரம் இருந்தது.

"அண்ணே, ஏழும் ஒண்ணும் எட்டு. எண்ணிக்கங்க."

கடைக்காரர் சிரித்தார். "அது அப்போ சொன்னது. புதுசு இப்ப முப்பத்திரண்டுக்கு ஏறிடுச்சு. புது விலையில மூணுல ரெண்டு பங்கு, அதான் பழசு விலை. நானா ஏத்தினேன்? கம்பெனிக்காரன் ஏத்துறான்."

"கம்பெனிக்காரன் உங்க கடைக்கு வந்தா ஏத்தினான்? இது நீங்க ஏழுக்கு வாங்கின சரக்கு. சுவத்துல தொங்கினதைத் தவிர வேற என்ன செஞ்சுது?"

"உனக்கு ஏன் வயித்தெரிச்சல்?"

எரியத்தான் செய்தது. மூன்று வருஷமாகக் கிடங்கில் பெட்டி தூக்குகிறவனுக்குச் சம்பளம் ஒரு காசு ஏறவில்லை. ஆணியில் சும்மா தொங்கிய உடைசலுக்குப் பதினாலாயிரம் ஏறியிருக்கிறது.

கழுத்தில் அளவு நாடாவோடு தையல்கடைக்கார அக்கா ஒருத்தி அதே கிட்டாரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நல்லா இருக்குமா?"

"அடி படாத சரக்கும்மா. ஒரே ஆள் கை," என்றார் கடைக்காரர்.

ஆந்தை கிட்டாரை இறக்கினான். கம்பிகளைத் தளர்த்தி, செல்போன் விளக்கைப் போட்டு உள்ளே விட்டு ஒரு படம் எடுத்தான். கடைக்காரர் மேஜையைச் சுற்றி வருவதற்குள் படத்தை அவளிடம் நீட்டினான். அவள் சத்தமாகப் படித்தாள்.

"நெக் உடைசல். பசை ஒட்டு. ஏழு."

கடையில் நின்ற கல்லூரிப் பெண்கள் இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏழுன்னா ஏழாயிரமா?" என்றாள் அக்கா. "ஏங்க, இதுக்கா இருபத்தொண்ணு? கிழிஞ்ச துணியை வாங்கித் தச்சுட்டு மூணு மடங்கு கேட்டா என் கடையைக் கொளுத்திடுவாங்க. பதினாலு. அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது."

கடைக்காரர் அந்தப் பெண்களையும் செல்போனையும் பார்த்தார். "எடுத்துக்கோங்க," என்றார்.

ஆந்தைக்கு அப்போதுதான் உறைத்தது. இருபத்தொன்றைப் பதினாலாக்கியது அவன். வாங்கப்போவது அவள். இன்னும் இரண்டாயிரம் இருந்திருந்தால் அவனும் போட்டி போட்டிருக்கலாம்.

"உடைசல்னு தெரிஞ்சுமா எடுக்கறீங்க?" என்றான்.

"புதுசு முப்பத்திரண்டு தம்பி. கத்துக்க ஆசைப்பட்டுட்டேன், எனக்கு வேற வழி என்ன? நீ வாசிக்கிறவன் மாதிரி இருக்கே. ஒட்டு நிக்குமா, சொல்லு."

நிற்காது என்று சொன்னால் அவள் போய்விடுவாள். பேரம் மறுபடி தொடங்கும். சொல் வாய் வரை வந்தும் விட்டது. ஆனால் எதிரே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது பொய் சொல்லியே பிழைக்கிற ஆள். அவர் ஜாதியில் சேர அவனுக்குப் பிடிக்கவில்லை.

"நிக்கும். ஒட்டினது நான்தான். வாசிச்சு முடிச்சதும் கம்பியை அரைச் சுற்று தளர்த்தி வைங்க."

அவள் பணத்தைக் கொடுத்துவிட்டு அவன் கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

ஆந்தை சுவரிலிருந்து கறுப்புக் கிட்டாரை இறக்கினான். அட்டையில் பத்தொன்பதாயிரம். செல்போன் உள்ளே போனது.

"கம்பி முறுக்குற சாவி மட்டும் தளர்வு. ஒன்பது," என்று கடை முழுக்கக் கேட்கும்படி படித்தான்.

"தம்பி, வை அதை."

"அண்ணா, அந்த சிவப்புக் கிட்டார்லயும் என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்களேன்," என்றாள் கல்லூரிப் பெண்களில் ஒருத்தி.

கடைக்காரர் ஆந்தையின் முழங்கையைப் பிடித்துக் குரலைத் தாழ்த்தினார். "எவ்வளவு வச்சிருக்க?"

"நான் என்ன வச்சிருக்கேங்கறது உங்களுக்கு எதுக்கு? வாங்கின விலைக்கு மேல ஆயிரம். நீங்க சொன்ன கணக்குதான்."

பத்தாயிரத்தை மேஜைமேல் வைத்தான். கடைக்காரர் அட்டையைக் கிழித்துப் போட்டார்.

"இதை யாரு வித்தாங்க?"

"ஒரு லாரி டிரைவர். போன மாசம்."

"அவர்கிட்டயும் திரும்ப வந்து வாங்கிக்கச் சொன்னீங்களா?"

கடைக்காரர் சிவப்புக் கிட்டாரை இறக்கி, பெண்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரப்பரோடு கையை உள்ளே விட்டுப் பென்சில் எழுத்தைத் தேய்க்கத் தொடங்கியிருந்தார். அவசரத்தில் மணிக்கட்டு மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. ஆந்தையைத் திரும்பிப் பார்த்தார்.

ஆந்தை கறுப்புக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனான்.